செயற்கைக் கை: ஆய்வுக்கூடத்திலிருந்து அன்றாட வாழ்க்கைக்கு

செயற்கைக் கால் உடலின் எடையைத் தாங்கி நடக்க வைத்துவிட்டால் அதன் முக்கிய வேலை முடிந்துவிடுகிறது. கை அப்படியல்ல. முட்டையை உடையாமல் எடுக்க வேண்டும், பூட்டைத் திறக்க வேண்டும், சட்டைப் பொத்தானும் போட வேண்டும். இதனால்தான் செயற்கைக் கையின் வரலாற்றில் கண்டுபிடிப்புகள் ஏராளமாக இருந்தும், மக்களின் கைக்கு வந்து சேர்ந்தவை குறைவாகவே உள்ளன.

1504-ல் லாண்ட்ஸ்ஹூட் முற்றுகையில் கையை இழந்த ஜெர்மானிய வீரர் கெட்ஸ் ஃபான் பெர்லிஷிங்கனின் இரும்புக் கை புகழ்பெற்றது. மறு கையால் விரல்களை மடக்கினால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கும் பற்சக்கரமும் அவற்றைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் இப்படி ஒரு கையைச் செய்யச் சொல்லும் வசதி சாதாரண உழவனுக்கோ தொழிலாளிக்கோ இல்லை.

பெரிய மாற்றம் ஒரு தொழிலாளியிடமிருந்தே வந்தது. அமெரிக்காவில் மர அறுவை ஆலை விபத்தில் கையை இழந்த டேவிட் டாரன்ஸ், 1912-ல் பிளவுபட்ட கொக்கி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். தோளில் மாட்டிய வாரிலிருந்து ஒரு கயிறு கொக்கிக்குச் செல்கிறது. தோளை அசைத்தால் கொக்கி திறக்கும், தளர்த்தினால் ரப்பர் வளையம் அதை மூடிவிடும். பார்ப்பதற்கு அழகில்லை. ஆனாலும் விலை குறைவு, பழுது பார்ப்பது எளிது, கயிற்றின் இழுவிசையைத் தோள் உணர்வதால் பிடியின் அளவும் ஓரளவு தெரியும். இதே வகைக் கொக்கிகள் இன்றும் விற்பனையில் உள்ளன.

இரண்டாம் உலகப் போரில் ஆயிரக்கணக்கான அமெரிக்க வீரர்கள் கை கால்களை இழந்தனர். 1945 ஜனவரியில் சிகாகோவில் மருத்துவர்கள், பொறியாளர்கள், செயற்கை உறுப்பு தயாரிப்பாளர்கள் கூடினர். அதன் பிறகே இத்துறையில் அரசு நிதியுடன் முறையான ஆய்வு தொடங்கியது. ஆய்வோடு நில்லாமல், 1950களில் பல்கலைக்கழகங்களில் மருத்துவர்களுக்கும் உறுப்பு பொருத்துபவர்களுக்கும் பயிற்சி வகுப்புகள் நடத்தப்பட்டன என்பது குறிப்பிடத்தக்கது.

அதே காலத்தில் ஜெர்மனியில் ரைன்ஹோல்ட் ரைட்டர் என்ற இயற்பியல் மாணவர், தசை சுருங்கும்போது தோன்றும் சிறு மின்சாரத்தைக் கொண்டு இயங்கும் கையை உருவாக்கி 1948-ல் வெளியிட்டார். வால்வு ரேடியோக்கள் இருந்த அந்தக் காலத்தில் அதன் மின்சுற்றைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. அது தொழிற்சாலை மேசையோடு கட்டுண்டு கிடந்தது. டிரான்சிஸ்டர் வந்த பிறகே இந்த யோசனைக்கு உயிர் வந்தது. 1960-ஐ ஒட்டி சோவியத் ஆய்வாளர்கள் உடலில் அணியக்கூடிய கையைக் காட்டினார்கள். 1960களிலேயே ஜெர்மனியின் ஓட்டோபாக் நிறுவனமும் இவ்வகைக் கைகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

2007-ல் ஸ்காட்லாந்தின் டச் பயோனிக்ஸ் நிறுவனம், ஐந்து விரல்களும் தனித்தனி மோட்டாரால் இயங்கும் 'ஐ-லிம்ப்' கையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டில், 25 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து எலைன் பிடிஸ், டாம் சவ் ஆகியோர் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அதன்படி பெரியவர்களில் சராசரியாக 26 சதவீதத்தினர் கயிற்றால் இயங்கும் கையையும், 23 சதவீதத்தினர் மின்சாரக் கையையும் ஒதுக்கிவிட்டனர். குழந்தைகளிடம் இது 45, 35 சதவீதம். பல மடங்கு விலை கொடுத்து வாங்கும் மின்சாரக் கைக்கும் எளிய கொக்கிக்கும் பெரியவர்களிடம் வித்தியாசம் 3 சதவீதம்தான்!

காரணம் என்ன? எடை, வெப்பம், வியர்வை, அடிக்கடி வரும் பழுது, தொடு உணர்வு இல்லாமை. ஒரு கையாலேயே வேலையைச் சமாளிக்கப் பழகியவருக்கு, கூடுதல் சுமையைத் தாங்கத் தக்க பலன் கிடைக்க வேண்டும்.

இந்தப் பாடத்தைப் பின்னர் வந்தவர்கள் ஓரளவு கற்றனர். அமெரிக்க ராணுவ நிதியில் உருவான 'டெக்கா' கைக்கு 2014 மே மாதம் அனுமதி கிடைத்தது. அதற்கு முன் 36 பேரிடம் நடந்த சோதனையில் சாவி திருப்புதல், உணவு தயாரித்தல், தலை வாருதல் போன்ற வீட்டு வேலைகளே தேர்வாக வைக்கப்பட்டன. மறுபக்கம், விரல்களை இழந்த தென்னாப்பிரிக்கத் தச்சர் ரிச்சர்ட் வான் ஆஸும் அமெரிக்கர் ஐவன் ஓவனும் சேர்ந்து உருவாக்கிய முப்பரிமாண அச்சுக் கையின் வடிவமைப்பு 2013-ல் இணையத்தில் இலவசமாக வெளியானது. வளரும் குழந்தைக்கு அளவு மாறும்போதெல்லாம் புதிதாக அச்சிட்டுக்கொள்ளலாம்.

ஒரு பொருளைக் கண்டுபிடிப்பது பாதி வழிதான். விலை, பழுது பார்க்கும் வசதி, பயிற்சி, பயன்படுத்துபவரின் கருத்து ஆகிய நான்கும் சேர்ந்தால்தான் மீதி வழியைக் கடக்க முடியும். 1912-ல் வந்த கொக்கி இன்றும் நிலைத்திருப்பதற்குக் காரணம் இதுவே.