சந்தா சாகிப்: முறிந்த சத்தியங்களின் வரலாறு

மூலக்குளத்திலிருந்து மேற்கே சென்றால் வில்லியனூர் வரும். அவ்வூரையும் அதனைச் சூழ்ந்த கிராமங்களையும் 1749இல் பிரெஞ்சுக்காரர்களுக்கு வழங்கியவர் சந்தா சாகிப். நாம் நாள்தோறும் கடந்து செல்லும் மண்ணோடு தொடர்புடைய அவரது வாழ்வில் நமக்குப் படிப்பினை உண்டு.

ஹுசைன் தோஸ்த் கான் என்பது அவரது இயற்பெயர். ஆர்க்காட்டு நவாப் தோஸ்த் அலி கானின் மருமகன். மதுரை நாயக்கர் வழியில் வாரிசுப் பூசல் எழுந்தபோது, அரசி மீனாட்சிக்குப் பாதுகாப்பளிப்பதாக அவர் வாக்களித்தார். பின்னர் அவ்வாக்கை மீறித் திருச்சிராப்பள்ளியைத் தமதாக்கிக்கொண்டார். திருக்குர்ஆனின் மீது சத்தியம் செய்ததாகக் காட்டியபோது, உறைக்குள் இருந்தது வெறும் செங்கல்லே என்றொரு செய்தியும் வழங்கிவருகிறது.

1740இல் மராத்தியருடன் நிகழ்ந்த போரில் தோஸ்த் அலி கொல்லப்பட்டார். குடும்பத்துப் பெண்கள் புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்தனர். அவர்களை ஒப்படைக்குமாறு மராத்தியர் மிரட்டியும் ஆளுநர் துய்மா இணங்கவில்லை. மறு ஆண்டு திருச்சிராப்பள்ளி வீழ்ந்தது. சந்தா சாகிப் கைதியாகி, ஏறத்தாழ 7 ஆண்டுகள் சிறையில் கழித்தார்.

விடுதலை பெற்றவர், துய்ப்ளேயின் துணையோடு 1749 ஆகஸ்ட் 3ஆம் நாள் ஆம்பூர்ப் போரில் வென்று நவாபானார். எனினும் முஹம்மது அலி திருச்சிராப்பள்ளியில் நிலைத்து நின்றார். ஆங்கிலேயர் அவருக்குத் துணைநின்றனர். 1752 ஜூனில் ஸ்ரீரங்கத்தில் முற்றுகையிடப்பட்ட சந்தா சாகிப், உயிருக்குப் பாதுகாப்புத் தருவதாகச் சத்தியம் செய்த தஞ்சைத் தளபதி மானோஜியை நம்பிச் சரணடைந்தார். அச்சத்தியமும் முறிந்தது, அவரது தலை கொய்யப்பட்டது.

இது இறைவன் அளித்த தண்டனை எனத் தீர்ப்புக் கூற நமக்கு உரிமையில்லை. மறைவானவற்றை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே. ஆனால் செங்கல் பற்றிய செய்தி நம்மைச் சிந்திக்க வைக்கிறது. உறைக்குள் குர்ஆன் இல்லாததால் சத்தியம் செல்லாது என எவரேனும் வாதிடலாமா? சத்தியத்தைப் பெறுபவர் எப்பொருளில் நம்புகிறாரோ அப்பொருளிலேயே அது அமையும் என்பதே நபிமொழி கற்பிக்கும் நெறி. சொல்லில் ஓட்டை தேடித் தப்புவதற்கு மார்க்கத்தில் இடமில்லை.

கடனைத் திருப்பித் தருவதாகக் கூறும் நாள், வாடகைக்குப் பேசிய தொகை, திருமணப் பேச்சில் தரும் உறுதி, பிள்ளைகளிடம் சொல்லும் சிறு வாக்கு ஆகிய அனைத்தும் அமானிதமே. மாற்று மதத்தாரிடம் அளித்த வாக்காயினும் அதன் கனம் குறைவதில்லை.

வாக்கைக் காக்கும் மக்களாக நம்மை வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.