பாட்டு செட்டில் காசு எதற்குப் போகணும்?

வீட்டுக்குப் பாட்டு செட் வாங்குவதில் இரண்டு கட்சிகள் உண்டு. முதல் கட்சிக்குத் தாய்வீடு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ. 1970களில் லின் சோன்டெக் ரெக்கார்டு பிளேயரை விற்ற ஐவர் டீஃபன்ப்ரன், இசைத்தட்டிலிருந்து எடுக்கும்போதே தொலைந்ததைப் பின்னால் வரும் எந்தக் கருவியும் மீட்காது, ஆகவே பிளேயருக்கே முதல் காசு என்றார். மறுகட்சி கனடாவில். தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் ஃபிளாய்ட் டூல், எந்த ஸ்பீக்கர் பாடுகிறது என்று தெரியாதபடி மறைத்துவைத்துக் கேட்கச் செய்தார். எல்லா அதிர்வெண்ணிலும் ஏற்ற இறக்கமின்றி ஒலித்த ஸ்பீக்கரையே பெரும்பாலோர் விரும்பினார்கள்; ஆகவே இந்தக் கட்சிக்கு ஸ்பீக்கருக்கே முதல் காசு. அவருடைய கட்டுரைகள் 1985, 86இல் வெளிவந்தன.

டீஃபன்ப்ரன் சொன்னது அன்றைக்குச் சரி. ஊசி, பெல்ட், பேரிங் எல்லாம் ஆடும், தேயும். 1982 அக்டோபரில் ஜப்பானில் சிடி வந்ததும் அந்த ஆட்டம் ஓய்ந்தது. ஸ்பீக்கர் மட்டும் இன்னும் கூம்பை அசைத்துத்தான் காற்றைத் தள்ளுகிறது. நல்ல ஆம்ப்ளிஃபயரின் ஒலித் திரிபு 0.1 சதவீதத்துக்கும் கீழ்; பேஸ் தூக்கினால் சின்ன ஸ்பீக்கர் பல சதவீதம் திரிக்கும். அசையும் உறுப்புக்குச் செலவு செய் என்பதே கிளாஸ்கோ வாதத்தின் உயிர் என்றால், இன்று அது டூலுக்குத்தான் சாட்சி சொல்கிறது.

சேலம், நாமக்கல் பக்கம் இந்தச் சாட்சி இன்னும் வலுவானது. குமாரபாளையத்திலும் இளம்பிள்ளையிலும் விசைத்தறிக் கூடத்துக்குள் சத்தம் 90 டெசிபெலைத் தாண்டும். அடுத்த சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து சிடியின் 96 டெசிபெல் வீச்சை யார் முழுதாகக் கேட்க முடியும்? விலை உயர்ந்த பிளேயரின் நுணுக்கம் அந்த இரைச்சலோடு போய்விடும். போதாக்குறைக்குக் கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை. பத்தடி அறையில் 57 ஹெர்ட்ஸ் வாக்கில் பேஸ் குமுறும். பவானி ஜமக்காளம் விரித்தால் மேல்சுருதியின் கலகலப்பு கொஞ்சம் அடங்கும், பேஸுக்கு அது பத்தாது. ஸ்பீக்கர் பாக்ஸை மூலையிலிருந்து நகர்த்திப் பாருங்கள்; அதற்குக் காசே வேண்டாம்.

நம்மூரில் மூன்றாவதாக ஒரு கட்சியும் இருக்கிறது: வாட் கட்சி. அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சிட்ட பி.எம்.பி.ஓ. என்ற உச்ச வாட் கணக்கு வெறும் சந்தைக் கூச்சல், தொடர்ந்து தரும் வாட்டான ஆர்.எம்.எஸ். எவ்வளவு என்று கேளுங்கள். 50 வாட்டை 100 ஆக்கினால் கூடுவது 3 டெசிபெல்தான். அதே வாட்டுக்கு 87 டெசிபெல் தரும் ஸ்பீக்கருக்குப் பதில் 90 டெசிபெல் தரும் ஸ்பீக்கர் எடுத்தாலும் அதே 3 கிடைக்கும்.

என் கணக்கில், 30,000 ரூபாய் இருந்தால் 18,000 முதல் 20,000 வரை ஸ்பீக்கருக்கு. எட்டாயிரம் ஆம்ப்ளிஃபயருக்கு; டிரான்ஸ்ஃபார்மர் கனமாக இருந்தால் உள்ளூரில் அசெம்பிள் செய்ததே போதும். பாட்டுக்குக் கையிலிருக்கும் செல்போன். பழைய எல்.பி. தட்டுகளைச் சேர்த்து வைத்திருப்பவர்கள் மட்டும் பிளேயருக்கும் ஊசிக்கும் தனியே ஒதுக்குங்கள். வயருக்கு ஆயிரக்கணக்கில் கேட்டால் கடையை மாற்றுங்கள்.