இதயமுடுக்கியும் மலைநடையும்

இதயமுடுக்கி (பேஸ்மேக்கர்): மந்தமாகத் துடிக்கும் இதயத்தை மின்தூண்டலால் சீராக்கும் கருவி. 1958 அக்டோபர் 8 அன்று ஸ்டாக்ஹோமில் ஆர்னே லார்சன் என்ற நோயாளியின் உடலுக்குள் முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. அவர் 2001 வரை வாழ்ந்தார்.

கருவி பொருத்தியவர் முடங்கிக் கிடக்க வேண்டியதில்லை. மருத்துவர் அனுமதித்ததும் நடக்கத் தொடங்கலாம். கருவியின் மின்கம்பி இதயத்தில் ஊன்றிக்கொள்ளும்வரை, பொதுவாக 4 முதல் 6 வாரம், கருவி பொருத்திய பக்கக் கையைத் தோளுக்கு மேல் தூக்கக்கூடாது.

கல்வராயன் மலைவாசிகள் அறிய வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. பல கருவிகள் உடல் அசைவை உணர்ந்தே துடிப்பைக் கூட்டுகின்றன. வெள்ளிமலைப் பக்கம் ஏற்றத்தில் மெல்ல ஏறும்போது உழைப்பு மிகுதி, அசைவு குறைவு. துடிப்பு போதிய அளவு கூடாமல் மூச்சு வாங்கலாம். சைக்கிள் மிதிப்பவருக்கும் இப்படி நேரலாம்.

இப்படி மூச்சு வாங்குவதை மருத்துவரிடம் சொன்னால், அறுவையின்றியே கருவியின் அமைப்பை மாற்றித் தருவார். மயக்கம் வந்தால் பயிற்சியை நிறுத்தி உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.