மையிலிருந்து உப்பைக் கழுவிய கதை

1857இல் மைக்கேல் ஃபாரடே லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஒரு சிவப்புத் திரவம் தயாரித்தார். மாதுளைச் சாறு மாதிரி இருந்த அதற்குள் மிதந்தது தங்கம், கண்ணுக்குத் தெரியாத அளவு பொடியான துகள்களாக. துகள்கள் தனித்தனியாக மிதக்கும்வரை நிறம் சிவப்பு. கொஞ்சம் உப்பு சேர்த்தால் திரவம் நீலமாகும், பிறகு எல்லாம் அடியில் படிந்துவிடும். உப்புப் படாத சில குப்பிகள் இன்றும் அங்கே சிவப்பாகவே இருக்கின்றன.

இங்க்ஜெட் பிரிண்டரின் வரலாற்றை வழக்கமாக 1977இல் தொடங்குவார்கள். கேனான் ஆய்வகத்தில் சூடான சோல்டரிங் அயர்ன் ஒன்று மை நிரம்பிய ஊசியில் பட்டு, ஊசி முனையிலிருந்து மை பீய்ச்சியடித்த கதை. நல்ல கதைதான். ஆனால் அது துளையின் கதை. மையின் கதை ஃபாரடேயின் குப்பியில் தொடங்குகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தக் குப்பியில் நடந்தது இதுதான். துகள்கள் எல்லாவற்றின் மேலும் ஒரே வகை மின்சுமை இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும். உப்பு கரைந்ததும் அதன் அயனிகள் அந்தத் தள்ளலை மறைத்துவிடும். துகள்கள் நெருங்கி, ஒட்டி, கட்டியாகும். நம்ம பள்ளிக்கூட வேதியியல் புத்தகம் இதற்கு வைத்திருக்கும் பெயர் திரிதல். பால் திரிஞ்சு போச்சுன்னு சொல்றோமே, அதே சொல்.

ஆரம்பகால இங்க்ஜெட் மைகளுக்குத் திரிகிற பயம் பெரிதாக இல்லை. அவை சாய மைகள். சர்க்கரை போல நீரில் முழுசாகக் கரைந்தவை, துளையை எளிதில் அடைக்காதவை. விலை வேறு இடத்தில் இருந்தது. கரைந்த சாயத்தில் ஒவ்வொரு மூலக்கூறும் தனியாக நிற்கிறது. வெளிச்சமும் காற்றிலுள்ள ஓசோனும் அதை ஒவ்வொன்றாக அடித்து உடைக்கும்.

1991இல் பாடகர் கிரஹாம் நாஷும் அவர் நண்பர் மேக் ஹோல்பர்ட்டும் கலிஃபோர்னியாவில் நாஷ் எடிஷன்ஸ் என்ற அச்சகத்தைத் தொடங்கினார்கள். அச்சுத்துறையில் மாதிரிப்படி எடுக்க உருவான ஐரிஸ் 3047 என்ற 1,26,000 டாலர் இயந்திரத்தில் புகைப்படங்களைக் கலைப்படைப்புகளாக அச்சிட்டார்கள். அந்த இயந்திரம் இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் அதன் மை சில நாள் புழங்கப்போகும் மாதிரிப்படிக்காகச் செய்யப்பட்டது. ஆரம்பகாலப் படங்கள் சில வருடங்களிலேயே வெளுக்கத் தொடங்கின.

எங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று உண்டு. ஆச்சிக்கு இருந்த ஒரே பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை ஸ்கேன் செய்து, பெரிதாக அச்சிட்டு, ஹாலில் மாட்டியிருந்தோம். முதலில் போனது நீலம். ஐந்தாறு வருடத்தில் ஆச்சி செம்மஞ்சளாகிவிட்டாள். "வெயில்தாம்ப்பா காரணம்" என்றாள் அம்மா. வெயிலே படாத சுவர் அது.

இதற்கு மாற்று நிறமி. நிறமி நீரில் கரையாது. சுமார் 100 நானோமீட்டர் அளவுள்ள ஒரு துகளில் லட்சக்கணக்கான மூலக்கூறுகள் அடுக்கியிருக்கும். வெளி அடுக்கு அடிவாங்கினாலும் உள்ளே இருப்பவை நிறத்தைக் காக்கும். ஆனால் கரையாத பொடியை 20 மைக்ரான் துளை வழியாகப் பீய்ச்ச வேண்டும். தலைமுடியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத துளை. இங்கேதான் ஃபாரடேயின் உப்பு திரும்பி வருகிறது.

பிரச்சினை என்னவென்றால், நிறமி பிறப்பதே உப்புக்குள். பல மஞ்சள், சிவப்பு நிறமிகளின் வேதிவினையில் சாதாரண உப்பே துணைப்பொருளாக மிஞ்சும். காப்பர் தாலோசயனைன் என்ற நீல நிறமியை நைசாக்க, உப்போடு சேர்த்தே அரைப்பதும் வழக்கம். அம்மியில் கல்லுப்பு வைத்து அரைக்கிற அதே தர்க்கம். அரைத்த பிறகு அந்த உப்பு முழுவதும் வெளியேற வேண்டும். எப்படி?

பதில் 1861இல் இருக்கிறது. பிரிட்டிஷ் நாணயச்சாலையின் தலைவராக இருந்த தாமஸ் கிரஹாம் என்ற வேதியியலாளர், பதப்படுத்திய தாள் ஒன்றின் வழியாக உப்பு கசிந்து போகிறது, பசை போன்ற பொருட்கள் தங்கிவிடுகின்றன என்று காட்டினார். அந்தப் பிரிப்புக்கு அவர் வைத்த பெயர் டயாலிசிஸ். ஆம், சிறுநீரக நோயாளிகளுக்குச் செய்கிறார்களே, அதன் மூலச்சொல் இது. 1907இல் ஜெர்மனியின் ஹைன்ரிஷ் பெக்கோல்ட் திரவத்தை அழுத்தத்தோடு சவ்வில் செலுத்தி, அதற்கு அல்ட்ராஃபில்ட்ரேஷன் என்று பெயரிட்டார்.

ஆனாலும் வேகம் போதவில்லை. 1960 வாக்கில் லாஸ் ஏஞ்சலஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சிட்னி லோபும் ஸ்ரீனிவாச சௌரிராஜனும் கடல்நீரைக் குடிநீராக்க ஒரு சவ்வு செய்தார்கள். சௌரிராஜன் இந்தியாவில் பிறந்தவர். திருக்கண்ணபுரத்துப் பெருமாளின் பெயர். மேலே மிக மெல்லிய அடர்ந்த தோல், கீழே பஞ்சு போன்ற உடல். அதனால் தண்ணீர் வேகமாக இறங்கியது. அந்த உத்தியில் துளைகளைச் சற்றே பெரிதாக்கித்தான் ஆலைகளுக்கான அல்ட்ராஃபில்ட்ரேஷன் சவ்வுகள் வந்தன.

நிறமி மையும் அப்படித்தான் கழுவப்படுகிறது. சென்ட்ரிஃபியூஜில் சுற்றிப் பெரிய துகள்களை ஒதுக்குவார்கள். பிறகு சவ்வின் மேல் மையை ஓடவிட்டு, சுத்தமான அயனி நீக்கிய நீரை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். உப்பும் ஒட்டாமல் மிஞ்சிய பாலிமரும் சவ்வு வழியாக வெளியேறும், நிறமி தங்கும். வெளியேறும் நீரின் மின்கடத்தலை அளந்துகொண்டே இருந்தால் எப்போது நிறுத்தலாம் என்று தெரியும். கடைசியாக ஒரு மைக்ரான் அளவிலான வடிகட்டி.

சோம்பினால் தண்டனை உண்டு. கால்சியம் கொஞ்சம் தங்கினாலும் துகள்களுக்கு இடையே பாலம் கட்டி, மை குப்பியிலேயே திரியும். குளோரைடு உலோகத்தை அரிக்கும். வெப்பத்தால் மை துப்பும் பிரிண்டரில் ஹீட்டர் சில மைக்ரோநொடிகளுக்கு 300 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அசுத்தம் இருந்தால் அங்கேயே கருகி ஒட்டிக்கொள்ளும். இதற்குத் துறையில் உள்ள சொல் கோகேஷன், தீய்தலைக் குறிக்கும் ஜப்பானியச் சொல்லிலிருந்து வந்தது. தமிழில் சொன்னால் அடிப்பிடிக்கிறது.

1993இல் எச்பியின் டெஸ்க்ஜெட் 1200சி கறுப்பு நிறமி மையோடு வந்தது. 2000இல் எப்சன் வண்ணங்களுக்கும் நிறமியைக் கொண்டுவந்து, புகைப்படக்காரர்களுக்கான 2000பி பிரிண்டரை விற்றது. அருங்காட்சியகங்கள் வாங்கும் புகைப்பட அச்சுகளில் நிறமி மை இன்று சர்வசாதாரணம். பிரிண்டர் பெட்டியில் துளிகளின் எண்ணிக்கை அச்சாகியிருக்கும். எத்தனை முறை கழுவினார்கள் என்று எந்தப் பெட்டியிலும் இருக்காது. மென்பொருளிலும் இதே கதைதான். சேர்த்ததுக்குக் கைதட்டுவாங்க, நீக்கினதை யாரும் கேட்கமாட்டாங்க.

கதைக்கு இன்னொரு திருப்பமும் உண்டு. அவ்வளவு பாடுபட்டு வெளியேற்றிய உப்பை, சில அலுவலகத் தாள்களின் மேற்பரப்பில் வேண்டுமென்றே தடவுகிறார்கள். கால்சியம் குளோரைடு. மை தாளில் பட்ட நொடியில் நிறமி திரிந்து, நாருக்குள் ஊறாமல் மேலேயே நின்றுவிடும். அதனால்தான் எழுத்து அவ்வளவு கறுப்பாகத் தெரிகிறது. ஃபாரடேயின் குப்பியில் நடந்தது இப்போது ஒவ்வொரு எழுத்தின் அடியிலும் நடக்கிறது. குப்பியில் நடக்கக் கூடாது, தாளில் நடந்தே ஆக வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே மையைச் சுத்தமாக வைத்திருப்பதற்கு நூறு வருடங்களுக்கு மேல் ஆகியிருக்கிறது.