வரியை இழுத்துக் கட்டின கதை

2006-ல் அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர்ல உட்கார்ந்து, என் பதிவை என்னாலேயே படிக்க முடியாமப் போச்சு. வீட்டு எக்ஸ்புளோரர் 6-ல் ரெண்டு ஓரமும் நூல் பிடிச்ச மாதிரி இருந்த பக்கம், இங்க ஃபயர்பாக்ஸ்ல கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவுல புள்ளி வட்டம். அப்பதான் உறைச்சது. "என்னடா எழுதியிருக்க, ஒண்ணும் புரியலையே"ன்னு சித்தப்பா ஃபோன்ல சொன்னதுக்கு, என் எழுத்தை மட்டம் தட்டுறார்னு ஒரு மாசமா முறைச்சுக்கிட்டுப் பேசாம இருந்தேன்.

குற்றவாளி, டெம்ப்ளேட்டில் நான் ஆசையா சேர்த்த 'ஜஸ்டிஃபை'ங்கிற ஒரே சொல்.

யூனிகோடில் 'கெ' என்பது முதலில் க, அப்புறம் கொம்பு என்றுதான் சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னால் தூக்கி வைப்பது திரையில் வரைகிற மென்பொருளின் வேலை. விண்டோஸில் அதுக்குப் பேர் யூனிஸ்கிரைப். வரியை நிரப்ப இடைவெளியைப் பங்கு பிரிக்கும்போது, பழைய ஃபயர்பாக்ஸ் இதைக் கோட்டை விட்டு ஒவ்வொரு குறியையும் தனித்தனியா வரைஞ்சது. ஆங்கிலத்துக்கு இதனால ஒண்ணும் ஆகாது. வேடிக்கை என்னன்னா, அதுக்கு முந்தைய திஸ்கி எழுத்துருவில் கொம்பு நாம கையால எழுதுற வரிசையிலேயே முன்னாடி நிற்கும். எப்படி இழுத்தாலும் இடம் மாறாது!

எதிர்வீட்டுத் தாத்தா ஒரு அச்சகத்துல கம்பாசிட்டரா இருந்தவர். அவர்கிட்ட புலம்பினேன். ஈய எழுத்துல வரி இறுக்கமா நிறையலேன்னா, சட்டத்தைத் தூக்கும்போது எழுத்து உதிர்ந்துடுமாம். அதுக்காகத்தான் சொல்லுக்குச் சொல் நடுவுல வெறும் ஈயத் துண்டு சொருகுவாங்களாம். போதாததுக்கு, தமிழ்ச் சொல்லை எழுத்து முடியிற இடத்துல ஒடிச்சு, கோடுகூடப் போடாம அடுத்த வரிக்குக் கொண்டுபோயிடலாம். இந்த ஒடிக்கிற வித்தை அன்னைக்கு உலாவிக்குத் தெரியாது. அதனால எழுத்து உடையாத எக்ஸ்புளோரரில்கூட, நீளச் சொல் வந்தா வரி நடுவுல 'பஸ் போற அளவு' சந்து. அழகுன்னு நினைச்சு இதையா இத்தனை நாள் ரசிச்சேன்னு இருந்தது.

அன்னைக்கே இடப்பக்கம் மட்டும் ஒட்டுற மாதிரி மாத்திட்டேன். ஃபயர்பாக்ஸ் 3 வந்தது 2008 ஜூன் 17-ல். எழுத்தை வரையிற பகுதியைப் புதுசா எழுதியிருந்தாங்க, ஜஸ்டிஃபை பண்ணினாலும் உடையலை. ஒரே நாளில் 80 லட்சத்துக்கு மேல இறக்கப்பட்டு கின்னஸ் சாதனை ஆச்சு. அதுல ஒண்ணு என்னோடது.

சித்தப்பாவுக்கு அதுவரை காத்திருக்கலை. பிரவுசிங் சென்டர் வாசல்லேருந்தே ஃபோன் பண்ணி, இப்ப பாருங்கன்னேன். பத்து நிமிஷம் கழிச்சு அவரே கூப்பிட்டார். "ம், இப்ப புரியுதுடா. சுமாராத்தான் எழுதியிருக்க."