தோற்புற்றும் நுணுக்குக்காட்டியும்

இலங்கையின் இரண்டாவது மருத்துவ பீடம் 1962ஆம் ஆண்டிலே பேராதனையில் தொடங்கப்பெற்றது. அதன் மாணவர் நோயாளரைக் கண்டு பயில்வதற்குக் கண்டிப் பெரியாஸ்பத்திரி இடமளித்தது. மலைநாட்டுத் தோட்டங்களிலும் கிராமங்களிலும் உள்ளோர் நாடிவரும் இத்தகைய வைத்தியசாலையிலே, வெட்டியெடுத்த தோற்றுண்டை ஆராய்ந்து நோயின் பெயரைச் சொல்வது நோயியலாரின் கடன்.

அப்பெயரில் அடங்கியிருப்பது சிறிதன்று. கண்ணிமையோரத்தில் எழுந்த கட்டி தீங்கற்றதாயின் சிறு கீறலோடு காரியம் முடியும். புற்றாயின் சுற்றியுள்ள நல்ல தோலிலும் ஓரளவு சேர்த்து அகற்றவேண்டும். பெயர் பிழைத்தால் ஒன்று முகம் வீணே சிதையும்; அன்றேல் நோய் எஞ்சி உள்ளே பரவும்.

இப்பெயர்கள் எளிதிற் கிடைத்தவையல்ல. 1827இல் டப்ளின் நகரத்து ஆதர் ஜேக்கப், கண்ணிமையை மெல்ல மெல்ல அரித்துச் செல்லும் ஒருவகைப் புண்ணை விவரித்தார். ஹங்கேரி நாட்டு குரொம்பெக்கர், அதன் கலங்கள் மேற்றோலின் அடிவரிசைக் கலங்களை ஒத்திருப்பதைக் கண்டு, 1903இல் அதனை அடிக்கலப் புற்று என வழங்கினார். இதற்கிடையே 1892இல், முகத்திற் பல சிறு கட்டிகளாய்த் தோன்றும் வேறொரு நோயை இங்கிலாந்தின் புரூக் எடுத்துரைத்தார். அது மயிர்க்காலாக உருப்பெற முயன்று முற்றுப்பெறாத கட்டி. நுணுக்குக்காட்டியில் அடிக்கலப் புற்றைப் பெரிதும் ஒத்திருப்பினும், பெரும்பாலும் தீங்கு செய்யாதது.

மற்றொரு கட்டியின் வரலாறு இன்னும் நீண்டது. சுண்ணாம்புபோல் இறுகும் அதனை 1880இல் பிரான்சு நாட்டு மலேர்ப், ஷெனந்தே ஆகிய இருவரும் விவரித்து, தோலின் நெய்ச்சுரப்பியிற் பிறந்ததென எண்ணினர். அது மயிரின் வேர்க்கலங்களைச் சேர்ந்தது என்பதை அமெரிக்க அறிஞர் ஃபோர்பிசும் ஹெல்விக்கும் 1961இலேயே நிலைநாட்டினர். தீங்கற்ற அக்கட்டிக்கு அரிதான புற்றுருவமும் உண்டென்பது 1980இல் எடுத்துரைக்கப்பட்டது. அடிக்கலப் புற்றே சிலவேளை மயிர்க்காலின் சாயலைக் கொள்ளும் என்பதை 1987இல் டொசாவாவும் ஆக்கர்மனும் விளக்கினர்.

இவற்றை வேறுபிரித்தறியும் முறை வருமாறு. போர்மலினில் இட்ட தோற்றுண்டை மெழுகிற் பதித்து, ஒரு மில்லிமீற்றரின் இருநூற்றில் ஒரு பங்குத் தடிப்பில் சீவி, நீலமும் செம்மையுமாகச் சாயமேற்றுவர். அடிக்கலப் புற்றில் விளிம்புக் கலங்கள் வேலிக்கம்புகள்போல் நிரையாக நிற்கும். புற்றுக்கும் அதனைச் சூழ்ந்த நாருக்கும் நடுவே மெல்லிய பிளவு தோன்றும். புரூக் கண்ட கட்டியிலோ நார் கலக்கூட்டத்தை ஒட்டியே நிற்கும். மயிர்வேரின் அடிமுகை போன்ற உருக்களும் காணப்படும். சுண்ணாம்புக் கட்டியில் கருவை இழந்து, வடிவம் மாத்திரம் எஞ்சிய நிழற்கலங்கள் விளங்கும். இவ்வடையாளங்கள் ஒன்றோடொன்று மயங்குமிடத்துச் சிறப்புச் சாயங்களும் துணைக்கு வரும்.

எனினும் துண்டு மிகச் சிறியதாயின், அன்றி மேலோட்டமாகச் சீவப்பட்டதாயின், தேர்ந்த கண்ணும் ஏமாறும். கட்டியின் அடிப்பகுதியும் அதில் இருத்தல் வேண்டும். நோயாளியின் வயது, கட்டியின் இடம், அது வளர்ந்த காலம் ஆகியவற்றை வைத்தியர் எழுதியனுப்புதலும் வேண்டும். அக்குறிப்பும் அத்துண்டும் செம்மையாக இருப்பின், ஒருவரின் முகம் தேவைக்கு மேல் வெட்டுப்படாமல் தப்பும்.