தாடை நோவும் உடல் நோவும்: ஒரு வரலாற்று நோக்கு

புத்தளத்திலிருந்து மன்னாருக்குச் செல்லும் பழைய வழியில், வில்பத்துக் காட்டை அடுத்துள்ள ஊர் எலுவன்குளம். அவ்வூரார் ஒருவர் நெடுநாளைய தாடை நோவுக்குப் பல் வைத்தியரையும், உடம்பெங்கும் பரந்த உளைவுக்கு வேறொரு வைத்தியரையும் நாடி இருமுறை நகருக்குச் செல்வதாகக் கொள்வோம். முன்னவர் பல்லை நோக்குவர். பின்னவர் தாடையைப் பற்றி வினவார். இப்பிரிவுக்கு ஒரு வரலாறு உண்டு.

பண்டைப் பாரத வைத்தியம் இவற்றை ஒரே தலைப்பின்கீழ் வைத்தது. சரகசங்கிதை கூறும் 80 வாத நோய்களுள் தாடை நோவும் உண்டு. கணுக்காற் பிடிப்பும் தொடை விறைப்பும் அவ்வரிசையிலேயே உள. இக்கால அறிவை அந்நூல் முன்னரே கண்டது என்பது மிகையாகும். ஆயினும் உடம்பை ஒன்றாக நோக்கும் வழக்கம் அதன்கண் இருந்தது.

மேனாட்டில் 1904ஆம் ஆண்டு வில்லியம் கௌவர்ஸ் என்பார் தசைநோவை நாரிழைய அழற்சி எனக் கொண்டு, அதற்குப் 'பைப்ரோசைற்றிஸ்' எனப் பெயரிட்டார். அவ்வழற்சியோ பின்னர்க் காணப்படவில்லை. 1934இல் யேம்ஸ் கொஸ்தன் என்னும் காது மூக்குத் தொண்டை வைத்தியர் 11 நோயாளரை ஆராய்ந்து, கடைவாய்ப் பற்களை இழந்தமையால் தாடைமூட்டு அழுத்தமுறுவதே காரணம் என்றார். அதன்பயனாகப் பலருடைய பற்கடி மாற்றியமைக்கப்பட்டது. இருவரும் நோகும் இடத்திலேயே குற்றத்தைத் தேடினர்.

1965இல் மெல்சாக், வால் என்னும் இருவர், நோவுணர்ச்சி முண்ணாணில் கூட்டவும் குறைக்கவும் படுகின்றது என்றனர். 1983இல் கிளிபர்ட் வூல்ப், காயத்தின்பின் முண்ணாணே மிகையுணர்வு கொள்வதைச் சோதனையாற் காட்டினார். ஆகவே, நரம்பு மண்டலமே நோவைப் பெருக்குமாயின், அது தாடையிலும் முதுகிலும் ஒருங்கே தோன்றலாமன்றோ?

பரந்த உடல்நோவாகிய பைப்ரோமயால்ஜியாவுக்கு 1990இல் அமெரிக்க வைத்தியர் வகுத்த விதி, 18 நோவுப் புள்ளிகளுள் 11 வேண்டும் என்றது. அவற்றுள் ஒன்றேனும் தாடையில் இல்லை. 2010ஆம் ஆண்டு விதியிலோ 19 இடங்கள் குறிக்கப்பட்டன; வலத்தாடையும் இடத்தாடையும் அவற்றுட் சேர்ந்தன. தாடை நோவற்றோரைச் சில ஆண்டுகள் தொடர்ந்து நோக்கிய 'ஓப்பெரா' என்னும் அமெரிக்க ஆய்வு, பிற நோவுகளை முன்னரே உடையோர்க்குத் தாடை நோவு எளிதில் வருவதை 2013இற் காட்டிற்று. 2019இல் உலக சுகாதார அமையம் ஏற்ற நோய்ப் பகுப்பில் இரண்டும் 'நாட்பட்ட முதனிலை நோவு' என்னும் ஒரே பிரிவில் இடம்பெற்றன.

தாடை நோவெல்லாம் இத்தகையதன்று. பற்சொத்தையும் மூட்டு நோயும் முதலில் ஆராயப்படல் வேண்டும். ஆயின் பிடுங்கிய பல் மீளாது. கருவியை எடுக்குமுன், "வேறெங்கே நோகின்றது?" என ஒரு வைத்தியர் வினவின், எலுவன்குளத்தார் இருமுறை வழிநடக்க வேண்டியதில்லை, தம் நோவு கற்பனையோ என ஐயுறவும் வேண்டியதில்லை.